அத்தானின் பாதமும் மணமேல்குடி வெயிலும்

சித்திரை மாதம் வந்தால் குன்னூரில் எங்களுக்கு ஒரு பெரிய கவலை உண்டு. பகலில் ஸ்வெட்டரைக் கழற்றலாமா, வேண்டாமா? இந்தக் கவலையோடு பேக்கரிக் கல்லாவில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் அக்கா புதுக்கோட்டை மாவட்டத்து வெயிலுக்கு அனுப்பிவைத்தாள்.

அக்காவுக்கு இரண்டு முழங்கால் மூட்டும் மாற்றியிருந்தார்கள். அந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சொந்த ஊர் அம்மனுக்குப் பூக்குழி இறங்குகிறேன் என்று அத்தான் வேண்டிக்கொண்டுவிட்டார். அக்காவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆபரேஷன் மேஜையிலிருந்து இறங்கி வந்து அடித்திருப்பாள். காரணம், அத்தானுக்குச் சர்க்கரை நோய். காலையும் இரவும் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். கொஞ்ச காலமாகப் பாதத்தில் உணர்ச்சியும் குறைந்துவிட்டது. அந்தப் பாதத்தோடு கனன்று கிடக்கும் நெருப்பில் நடக்கப் போகிறேன் என்கிறார்.

"எனக்கு ரெண்டு முட்டி புதுசா வந்திருக்கு. அதுக்குப் பதிலா அவர் ரெண்டு காலையும் குடுத்துட்டு வரப் பாக்குறார். நீ கூடப் போடீ. நெருப்புல மட்டும் இறங்க விடாதே," என்றாள் அக்கா.

"நான் சொன்னா கேப்பாரா?"

"நான் சொல்லியே கேக்கலை. ஆனா நீ போனா சண்டையாவது போடுவே. அதுதானே உனக்கு நல்லா வரும்?"

இது உண்மை என்பதால் நான் மறுக்கவில்லை. எனக்கும் சர்க்கரை உண்டு, மாத்திரை அளவில். நாளெல்லாம் கேக்குக்கு க்ரீம் தடவி விற்கிற கையால் இரவில் கசப்பு மாத்திரை போட்டுக்கொள்கிறவள் நான். ஆகவே அத்தானும் நானும் ஒரே கட்சி. அவர் தலைவர், நான் தொண்டர்.

கிளம்பும் முன் எங்கள் டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தார். வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றினால் சர்க்கரை ஏறும். அலைச்சலும் வேர்வையும் பட்டினியும் சேர்ந்தால் திடீரென்று இறங்கவும் செய்யும். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடியுங்கள். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். பூக்குழியைப் பற்றி மூச்சே விடவில்லை. நான் சொல்ல வாயைத் திறந்தபோது என் காலை மிதித்தார்.

போகிற வழியில் கொடும்பாளூரில் இறங்கினோம். பக்கத்து மாவட்டத்துக்காரனெல்லாம் வந்து மூவர் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகிறான், இந்த மாவட்டத்தில் பிறந்த நான் பார்த்ததில்லை என்று அத்தானுக்கு ஒரு குறை. பார்த்துவிட்டால் போகிறது என்று இறங்கியது உச்சிவேளை. பேர்தான் மூவர் கோயில், நிற்பது இரண்டுதான். ஆனால் அந்த இரண்டும் நின்று பார்க்க வேண்டியவை. ஒவ்வொரு சிற்பத்தின் முகத்திலும் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கிறது. இந்த வெயிலில் இத்தனை நூற்றாண்டு நின்றும் எப்படிச் சிரிக்கிறார்களோ தெரியவில்லை.

நான் நின்று பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். செருப்பைக் கழற்றிக் கல்லில் கால் வைத்ததும் என் பேக்கரி அடுப்பில் தட்டைக் கையால் தொட்டது போல இருந்தது. ஒரே தாவில் புல்லுக்குப் போய்விட்டேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பமும் தைதை என்று குதித்துக்கொண்டிருந்தது. அத்தான் மட்டும் பின்னால் கைகட்டிக்கொண்டு, கல்லில் நிதானமாக நின்று, ஒவ்வொரு மாடமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்.

"அந்தய்யாவப் பாருங்க. எம்புட்டுப் பொறுமை! நாமதேன் கெடந்து குதிக்கிறோம்," என்றாள் அந்தக் குடும்பத்துப் பெண்.

"மண்ணுக்காரருல்ல, பழகிருக்கும்," என்றார் அவள் கணவர்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்க அத்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவும் சொன்னேன். அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

புதுக்கோட்டையில் மத்தியானச் சாப்பாடு. முட்டை மாஸ் என்று ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். அவித்த முட்டையைத் துண்டு போட்டு வெங்காயம், மிளகு, மசாலாவோடு கிண்டிய சமாச்சாரம். சர்க்கரைக்காரர்களுக்கென்றே கண்டுபிடித்தது மாதிரி இருந்ததால் ஆளுக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டோம். பரிமாறியவர், "வெயிலுக்கு நல்லதுங்க, ஒரு ரோஸ்மில்க் குடிங்க," என்றார். அந்த மாவட்டத்தில் அடுத்த சில நாட்களில் நான் அதிகம் கேட்ட வார்த்தை இந்த 'வெயிலுக்கு நல்லது'தான். சர்பத் வெயிலுக்கு நல்லது. கரும்புச்சாறு வெயிலுக்கு நல்லது. தர்பூசணியில் சீனி தூவிச் சாப்பிடுவதும் வெயிலுக்கு நல்லதாம். வெயிலுக்கு நல்லதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாததாகவே இருந்தது. மோரைக் கண்டால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக் குடித்தோம்.

ஊர் மணமேல்குடிக்குப் பக்கத்தில், கடல் காற்று வந்து சேரும் தூரத்தில் இருக்கிறது. அத்தானுடைய அண்ணன் மகன் முருகேசன் வீட்டில் தங்கினோம். மீமிசல் கரையில் மீன் எடுத்து ஐஸ் பெட்டியில் அடுக்கி வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரி அவன். மனைவி செல்வி வாசலிலேயே சொம்புத் தண்ணீரோடு நின்றாள்.

"வாங்க சின்ன மாமா, வாங்கத்தே. இங்கிட்டு ஃபேனுக்கடியில உக்காருங்க. வெயிலு மண்டையப் பொளக்குதுல்ல?"

அத்தான் உள்ளே நடந்தார். சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் விழுந்தன. கால் கழுவிவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு காலடிதான் ஈரம், இன்னொன்று காய்ந்திருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. பிசுபிசுவென்று இருந்தது.

அவரை நாற்காலியில் தள்ளி வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலிலிருந்து பாதத்தின் ஓரம் வரைக்கும் பெரிய கொப்புளம், உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. கொடும்பாளூர்க் கல் சுட்டிருக்கிறது. பொறுமையாக நின்றார் என்று ஊரே பாராட்டிய மனிதர் வெந்துகொண்டு நின்றிருக்கிறார்.

"என்னத்தப் பாக்குற?" என்றார் அத்தான், காலை என் மடியில் வைத்துக்கொண்டு.

"வலிக்கலையா?"

"எதுக்கு வலிக்கணும்?"

மறுநாள் காலை ஊரிலேயே இருந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா புண்ணைச் சுத்தம் செய்து மருந்து வைத்துக் கட்டினார். தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்றார். என்ன விசேஷத்துக்கு வந்தீர்கள் என்று சும்மா கேட்டார். அத்தானும் சும்மா சொல்லிவிட்டார்.

"பூக்குழியா? அய்யா, நான் கட்டுன கட்டோட நீங்க பூக்குழிப் பக்கம் போனதாக் கேள்விப்பட்டேன், நானே வந்து ஊரக் கூட்டிருவேன்."

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஆனால் வெளியே வந்ததும் அத்தான் சொன்ன வியாக்கியானம் இருக்கிறதே, அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தேன். கல் சுட்டது தனக்குத் தெரியவில்லை, அதனால் நெருப்பும் தெரியாது. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள், தான் மெதுவாக நடந்தே போகலாம். "ஆத்தா எனக்குன்னே குடுத்த காலு இது," என்றார். அவர் கேலி செய்யவில்லை, மெய்யாகவே நம்பினார்.

டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்கிய எம்.சி.ஆர். செருப்பு, கனத்த அடிப்பாகமும் வார்ப்பட்டையும் வைத்தது, பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஊருக்குள் அதைப் போட மாட்டாராம். பிறந்த மண்ணில் செருப்புப் போட்டு நடந்து பழக்கமில்லையாம். "குன்னூர்ல போடுறேன்ல, போதும்," என்று முடித்துவிட்டார். அன்று காலையிலேயே மஞ்சள் கயிற்றில் காப்பும் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் பூக்குழி முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று நான் வைத்திருந்த கடைசித் திட்டமும் போயிற்று.

பூசாரி கருப்பையாவைப் போய்ப் பார்த்தேன். அத்தானோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். நல்ல மனிதர். மருந்து எடுக்கிறவன் வயிற்றைக் காயப்போடக் கூடாது, நேரா நேரத்துக்குச் சாப்பிட்டால்தான் விரதம் என்று அத்தானிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டவர். அந்தத் தைரியத்தில், நீங்களே அவரைத் தடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். காலின் நிலைமையையும் சொன்னேன்.

"நேந்துக்கிட்டு வந்தவனப் போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன தங்கச்சி அதிகாரம் இருக்கு? நானும் சொல்லிப் பாக்குறேன். அவனா நின்னாத்தான் உண்டு," என்றார்.

அதற்குள் அடுத்த வம்பு வந்தது. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஃப்ரிட்ஜ் நின்றது. குன்னூரில் இன்சுலினை நாங்கள் அலமாரியில் உப்பு, புளி பக்கத்தில்தான் வைத்திருப்போம். ஒன்றும் ஆகாது. இங்கே அலமாரிக்குள் கைவிட்டால் வெந்நீர்ப் பானைக்குள் விட்டது போல இருக்கிறது. நான் யோசித்துக்கொண்டே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். முருகேசன் யோசிக்கவில்லை. காரியத்தை முடித்துவிட்டான்.

சாயங்காலம் எழுந்து இன்சுலின் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் பத்தரமா இருக்கு சின்னம்மா," என்றான். நானும் நம்பிவிட்டேன். ராத்திரி அத்தான் வழக்கம் போல ஊசி போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஊசி போட்ட பிறகும் அவருக்கு ஒரே தாகம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். கொல்லைப்பக்கம் போய்ப் போய் வந்தார். அப்புறம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "வெயிலு அசத்துது," என்றாள் செல்வி. "எனக்கும் அப்பிடித்தான் கெடக்கு," என்றான் முருகேசன். யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் எல்லோருக்கும் தாகம், எல்லோருக்கும் அசதி. வெயில் காலத்தில் சர்க்கரை ஏறினால் அது வெயிலின் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது, கண்டுபிடிக்கவே முடியவில்லை. சந்தேகத்துக்கு மெஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். முந்நூற்றைத் தாண்டி நின்றது.

"முருகேசா, இன்சுலினை எங்கே வெச்சே?"

அவன் என்னைப் பெருமையோடு கொல்லைக்குக் கூட்டிப்போனான். அங்கே கழுவிக் கவிழ்த்தது போலப் பளிச்சென்று ஒரு மீன் பெட்டி. திறந்தால் பொடி ஐஸ், அதன் மேல் கல்லுப்பு, நடுவில் ஒரு டப்பாவுக்குள் அத்தானின் இன்சுலின் ஊசிப் பேனாக்கள் எல்லாமும்.

"காப்புக் கட்டியாச்சுன்னு நல்லாக் கழுவுன பெட்டி சின்னம்மா, கவிச்சி வாடையே இருக்காது. உப்புப் போட்டா ஐஸு கரையாது. வஞ்சிர மீனே இதுல நாலு நாளைக்குக் கல்லு மாதிரி கெடக்கும். மருந்தும் கல்லு மாதிரி ஆயிருச்சு. சித்தப்பா கேட்டப்பல்லாம் கையில வச்சுத் தேச்சு எளக்கிக் குடுத்தேன்."

நான் அப்படியே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த வெயிலில் அது ஒன்றுதான் சுகமாக இருந்தது. உறைந்த இன்சுலின் உருகினாலும் உபயோகமில்லை. இரண்டு வேளையாக அத்தான் போட்டுக்கொண்டது வெறும் தண்ணீருக்குச் சமம். இதைச் சொன்னதும் முருகேசனின் முகம் விழுந்துவிட்டது. மீனுக்கு நல்லது மனிதனுக்கும் நல்லதாக இருக்கும் என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு? அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திட்டுவதற்கு அத்தான் ஒருவரே போதும் என்று அவருக்காக மிச்சம் வைத்துக்கொண்டேன்.

குன்னூர் டாக்டருக்குப் போன் போட்டேன். உடனே புது இன்சுலின் வாங்கிப் போடுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், வாந்தி வந்தாலோ மயக்கமாக இருந்தாலோ நேரே ஆஸ்பத்திரி என்றார். மணமேல்குடியில் அந்த வகை இல்லை. அறந்தாங்கிக்குத்தான் போக வேண்டும். எங்களைக் கொண்டுவந்த வாடகைக் கார் வந்த அன்றே திரும்பிவிட்டது, முருகேசனின் வண்டியும் ஐஸ் ஏற்றப் போயிருந்தது, ஆகவே பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டு, சுகர் என்றதும் முகம் மலர்ந்தார்.

"அப்பிடிச் சொல்லுங்க! எனக்கும் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு. ஆவாரம்பூவக் காயப்போட்டுக் குடிங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சிருக்கீகளா?"

"மருந்த மட்டும் நிப்பாட்டிராதீக. எங்க மச்சான் நாவக்கொட்டப் பொடிய நம்பி மாத்திரைய விட்டுட்டு, இப்ப ஆஸ்பத்திரியில கெடக்காரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பாதி பஸ் சர்க்கரைக் கட்சியாக இருந்தது. குன்னூரில் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதே அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் தெரியும். இங்கே டிக்கெட் வாங்குவதற்குள் எல்லோருடைய அளவும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

அறந்தாங்கி மருந்துக்கடையில், போனில் இருந்த டாக்டர் சீட்டைக் காட்டி வாங்கினேன். கடைக்காரர் அக்கறையாக ஒரு ஐஸ் பொட்டலத்தை எடுத்தார்.

"ஐஸ் வேண்டாம்!" என்று நான் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது.

"அப்ப சுடுதண்ணியிலயாம்மா வச்சுக் கொண்டுபோவீங்க?" என்றார் அவர், நியாயமாக.

கடைசியில் பேனாவை ஒரு கவரில் போட்டு, ஈரத் துண்டில் சுற்றி, எதிர்க்கடையில் வாங்கிய சின்ன மண்சட்டிக்குள் வைத்து மடியில் ஏந்திக்கொண்டேன். திரும்பும்போது பஸ் பாதி வழியில் டயர் பஞ்சரானது. எல்லோரும் இறங்கிக் கருவேல மரங்களின் அரைகுறை நிழலில் ஒண்டினோம். சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு அம்மா, "சாமிக்குத் தீச்சட்டியாத்தா?" என்று பயபக்தியோடு கேட்டார். விஷயம் தெரிந்ததும் தன் தூக்குவாளியில் இருந்த மோரில் எனக்கு ஒரு டம்ளர் ஊற்றித் தந்துவிட்டு, துண்டு காய்ந்துவிட்டதே என்று தன் பாட்டில் தண்ணீரை அதன் மேல் தெளித்தார். நான் அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அன்று ராத்திரிக்குள் அத்தானின் சர்க்கரை இறங்கியது. மறுநாள் காலை தெளிவாக எழுந்து உட்கார்ந்தார். எனக்கு நிம்மதி. ஆனால் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னைக்குச் சாயந்தரம் பூக்குழி."

அன்றைக்கு நான் போட்ட சண்டையை அந்தத் தெரு இன்னும் கொஞ்ச நாளைக்குப் பேசும். அக்காவின் பெயரைச் சொன்னேன், நர்ஸம்மாவின் பெயரைச் சொன்னேன், கால் எடுத்தவர்களின் கதைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அத்தான் சாந்தமாகக் கேட்டுக்கொண்டார். "அவ ஆஸ்பத்திரிக் கதவுக்குள்ள போறப்ப என் கையில வேற என்னம்மா இருந்துச்சு? வேண்டிக்கிறத் தவிர?" என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் எங்கோ போய்விட்டது. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

சாயங்காலம் கோயில் திடலில் விறகு எரிந்து அடங்கி, தணல் செக்கச்செவேல் என்று நீளமாகப் பரந்து கிடந்தது. தப்பும் உருமியும் காதை அடைத்தன. இறங்குகிறவர்கள் மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். அத்தான் கட்டை அவிழ்த்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். அந்த ஊரில் ஒரு வழக்கம். பூக்குழிக்குள் இறங்குவதற்கு முன் முறைக்காரப் பெண் ஒருத்தி மஞ்சள் தண்ணீரால் காலை நனைத்துவிட வேண்டும். கொழுந்தியாள் இருந்தால் கொழுந்தியாள்தான். செல்வி என் கையில் செம்பைக் கொடுத்தாள்.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. பச்சைப் புண்ணில் மஞ்சள் தண்ணீர் பட்டால் யாருக்கும் உயிர் போகும். எரியட்டும், அலறட்டும், அலறினால் புத்தி வரும் என்று நினைத்தேன். நேரே வலது காலின் புண்ணைப் பார்த்து, செம்புத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். அத்தான் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளிப்பு இல்லை.

"ஊத்தும்மா," என்றார் கண்ணைத் திறக்காமல். "நேரமாச்சு, ஊத்து."

"ஊத்திட்டேன் அத்தான்."

அவர் கண்ணைத் திறந்தார். என் கையில் கவிழ்ந்திருந்த செம்பைப் பார்த்தார். பிறகு குனிந்து காலைப் பார்த்தார். மண் மஞ்சளாக நனைந்து, புண்ணிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை நாளும் டாக்டரும் நர்ஸும் நானும் கத்தியது எதுவும் காதில் ஏறவில்லை. இப்போது அவரே பார்த்துவிட்டார். நான் செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

வரிசையின் தலைப்பில் நின்ற கருப்பையா இதைப் பார்த்துவிட்டு வந்தார். வேப்பிலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு அத்தானைப் பார்த்தார்.

"டேய் சுந்தரம், சுடும்னு தெரிஞ்சு எறங்குறதுதான்டா நேத்திக்கடன். ஒனக்குத்தான் சுடாதே. சுடாத கால வச்சுக்கிட்டு நெருப்புல நடந்தா அதுல ஆத்தாளுக்கு என்னத்தக் குடுத்த? இது கணக்குல சேராது. தள்ளி நில்லு."

"அப்ப என் நேத்திக்கடன்?" என்றார் அத்தான். குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

"ஒனக்கு எது செரமமோ அதச் செய்யி."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டே இடையில் புகுந்தேன். "செருப்புப் போடுறதுதான் அவருக்குச் சிரமம்!"

கருப்பையா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மேளச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார். "அப்ப அதுதான். அடுத்த சித்திரை வரைக்கும் செருப்பக் கழட்டாம இரு. வீட்டுக்குள்ளயும், ஊருக்குள்ளயும். படுக்கிறப்ப மட்டும் ஆத்தா விட்டுக்குடுப்பா. எத்தனையோ பேரு செருப்பு போடாம இருக்கேன்னு நேந்துக்கிறான். நீ போட்டுட்டு இரு."

அத்தான் வரிசையிலிருந்து விலகி வந்தார். முருகேசன் ஓடிப்போய்ச் செருப்பைக் கொண்டுவந்தான். ஓரமாக உட்காரவைத்து, சுத்தமான தண்ணீரில் புண்ணைக் கழுவித் துடைத்து, நர்ஸம்மா கொடுத்த மருந்தை வைத்துக் கட்டினேன். மற்றவர்கள் நெருப்பில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அத்தான் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப என்ன பண்ற?" என்றார்.

"கிள்றேன். தெரியுதா?"

"இல்ல."

"இங்கே?"

"இல்ல."

"இங்கே? பெருவிரலுக்குப் பக்கத்துல?"

கொஞ்சம் யோசித்தார். "அங்க... லேசாத் தெரியுது."

"நெசமாவா?"

"பொய்யா சொல்லுவாக? தெரியுதுடீ!" என்றார். நான் சந்தோஷத்தில் இன்னொரு தடவை கிள்ளினேன். கொழுந்தியாள் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நர்ஸம்மாவிடம் கட்டு மாற்றிக்கொண்டு, ஊருக்குக் கிளம்பும் முன் கோயிலுக்குப் போனோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அத்தான் வாசலிலேயே நிற்கிறார். செருப்போடு உள்ளே போக முடியாது. கழற்றினால் நேர்த்திக்கடன் போய்விடும். அறுபது வருஷமாக வந்துபோகும் கோயிலில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல், வெயிலில் கைகூப்பிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கருப்பையா தீபாராதனையை முடித்துக்கொண்டு தட்டை எடுத்தார். உள்ளே நின்ற எங்களை எல்லாம் தாண்டி நேரே வாசலுக்குப் போனார். அத்தான் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கருப்பையா அவர் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு தட்டைப் படியில் வைத்துவிட்டு, அத்தானின் காலடியில் குனிந்தார்.

"என்னடா பண்ற, விடுறா!" என்று அத்தான் பதறிப் பின்வாங்கினார்.

"நில்லு," என்றார் கருப்பையா. "வாரு கழண்டு கெடக்கு. ஒனக்கு எங்க தெரியப்போவுது?"

திருநீறு படிந்த கையால் அந்தச் செருப்பின் வாரை இழுத்து இறுக்கி மாட்டிவிட்டு, நிமிர்ந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.